லூயி மன்னர் புண்ணியத்தில் ஓர் அருவி

எங்கள் பக்கத்துத் தண்ணீருக்கு விழத் தெரியாது. எக்கியார்குப்பத்தில் நின்று கிழக்கே பார்த்தால் கடல். அது எழும், அடங்கும், வலையைக் கிழிக்கும், விழாது. மேற்கே போனால் பக்கிங்காம் கால்வாய். ஆந்திராவிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஊர்ந்து வந்து, மரக்காணத்தோடு போதுமடா சாமி என்று உட்கார்ந்துவிட்ட கால்வாய் அது. அந்தப் பக்கமாகவே மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளம். தண்ணீரைப் பாத்தி கட்டி உட்கார வைத்து, வெயிலில் வாட்டி, மிச்சத்தைப் பலகையால் வாரி அம்பாரம் போடுவதுதான் அங்கே தொழில். வானத்திலிருந்து நாலு சொட்டு விழுந்துவிட்டால் போதும், விளைந்த உப்பெல்லாம் கரைந்துவிடும். உப்பளத்துக்காரர்கள் மழைக்குக் கொடுக்கும் அர்ச்சனையை இங்கே அச்சேற்ற முடியாது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு கூட்டம், தண்ணீர் விழுவதைப் பார்க்கக் காசு செலவழித்துப் போக வேண்டும் என்று முடிவெடுத்தது. வலை பின்னுகிற இடத்தில் பேச்சு ஆரம்பித்தது. "பாத்தா ரெண்டு நாட்டுக்கு நடுவுல இருக்குற அருவியப் பாக்கணும்" என்றான் தம்பி முறை உள்ள ஒருவன். அவனுடைய கைப்பேசியில் நயாகரா கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் அமெரிக்கா, மறு பக்கம் கனடா. விரலால் தள்ளினான்: விக்டோரியா அருவி, ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும். இன்னொரு தள்ளு: இகுவாசு, அர்ஜென்டினாவும் பிரேசிலும்.

"பாஸ்போர்ட்டு எத்தினி பேர்கிட்ட இருக்கு?" என்று பெரியப்பா கேட்டார். நயாகரா அங்கேயே வற்றிவிட்டது.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். இரண்டு நாட்டு அருவி நம்மிடமே ஒன்று உண்டு, பேர் ஒகேனக்கல் என்றேன். "அது ரெண்டு ஸ்டேட்டு" என்று திருத்தினான் தம்பி. இப்போது ஸ்டேட், 1792 முதல் 1799 வரை அது அசல் சர்வதேச எல்லை. காவிரிக்குக் கிழக்கே கிழக்கிந்தியக் கம்பெனி, மேற்கே கொள்ளேகால் பக்கத்து மலைக்காடு திப்பு சுல்தானுடையது. அந்த எல்லை அங்கே போய் விழுந்ததற்கு நம்ம ஊர்க் கடற்காற்றும் ஒரு காரணம் என்று சொல்லி வைத்தேன். பெரியப்பா ஊசியைக் கீழே வைத்தார். அவர் ஊசியைக் கீழே வைத்தால் கதையைச் சொல்லி முடித்தாக வேண்டும்.

எல்லை என்பதே எங்களுக்குப் புதிதல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தெற்கே ஒரு மணி நேரத்தில் பாண்டிச்சேரி. 1954 நவம்பர் 1 வரை அது பிரான்ஸ். வடக்கே ஆலம்பரைக் கோட்டை. 1750-ல் அதைப் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குப் பரிசாகக் கொடுத்தார்கள், பத்தே வருடத்தில் ஆங்கிலேயர் வந்து இடித்துவிட்டுப் போனார்கள். இடிந்த மேனிக்கே இன்னும் நிற்கிறது. எங்கள் பாட்டன்மார் எந்த ராஜாவின் கடலில் மீன் பிடிக்கிறோம் என்பதைக் கரைக்கு வந்துதான் தெரிந்துகொண்டிருப்பார்கள். உப்புக்கும் இதே கதிதான். 1815-ல் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒப்பந்தம் போட்டார்கள்: பிரெஞ்சு எல்லைக்குள் விளையும் உப்பைக் கம்பெனிக்கே விற்க வேண்டும், அதற்கு ஈடாக வருடா வருடம் 4 லட்சம் சிக்கா ரூபாய். கடல் கொடுத்தது, வெயில் காய்ச்சியது, கூலியாள் வாரினான். நாலு லட்சம் யாருக்குப் போனது பாருங்கள்.

சரி, வழிக்கு வருவோம். மரக்காணம், திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, தருமபுரி, பென்னாகரம், ஒகேனக்கல். இது வேன்காரரின் வழி. பதினெட்டாம் நூற்றாண்டில் இதே பாதையில்தான் ஆளாளுக்குப் படையெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு டீ குடிக்க நிறுத்தும் வழக்கம் மட்டும் இல்லை.

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தவர்கள் ஒரு குன்றைப் பார்த்திருப்பார்கள். பெருமுக்கல். மேலே கோயிலும் கோட்டைச் சுவரின் மிச்சமும் இருக்கும். நாம் அந்த நேரம் பார்த்துக் கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். அந்தக் குன்றை 1760-ல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தார்கள். பிறகு ஹைதர் அலி பிடித்தார். 1791 ஜனவரியில் திப்பு சுல்தான் பிடித்தார். பிடித்தவர் யாரும் அங்கே குடும்பம் நடத்தவில்லை. பாண்டிச்சேரிக்குப் போகிற வழியில் ஒரு குன்று இருந்தால் அதைப் பிடித்தாக வேண்டும் என்பது அந்தக் காலத்து ராணுவ ஒழுக்கம்.

திப்பு ஏன் மைசூரை விட்டு இவ்வளவு தூரம் எங்கள் பக்கம் வந்தார்? உதவி கேட்க. மூன்றாம் மைசூர் போர் நடந்துகொண்டிருந்தது. திருச்சியை மிரட்டி, திருவண்ணாமலையைச் சூறையாடி, பெருமுக்கலைப் பிடித்து, கடைசியில் பாண்டிச்சேரிக்கு வெளியே கூடாரம் அடித்துப் பிரெஞ்சுக்காரரோடு பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தார். ஆறாயிரம் சிப்பாய்கள் வேண்டும், கப்பல் செலவும் உடுப்புச் செலவும் என்னுடையது என்று சொல்லி, ஒரு பிரெஞ்சு அதிகாரியையே தூதராக்கிப் பதினாறாம் லூயி மன்னரிடம் அனுப்பி வைத்தார்.

லூயியிடம் திப்பு கேட்பது இது முதல் தடவையும் அல்ல. 1788-ல் மூன்று தூதர்களை வெர்சாய் அரண்மனைக்கே அனுப்பியிருந்தார். பாரீஸ் பெண்கள் அவர்களுடைய மஸ்லின் அங்கியைப் பார்த்து மயங்கினார்கள், ஓவியர்கள் படம் வரைந்தார்கள், ஊரே திருவிழாவாக இருந்தது. பட்டாளம் கேட்டுப் போனவர்களுக்கு மன்னர் கொடுத்து அனுப்பியது என்ன தெரியுமா? செவ்ர் ஊரின் பீங்கான் சாமான், கைவினைஞர்கள் சிலர், தோட்டக்காரர்கள், விதைகள். ஆங்கிலேயனின் பீரங்கிக்கு முன்னால் பீங்கான் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது எப்படி என்ற செய்முறை மட்டும் கூடவே வரவில்லை.

இரண்டாம் முறையும் லூயி கைவிரித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் அமெரிக்காவில் யாரோ விடுதலை கேட்கிறார்கள் என்று கப்பலும் காசும் கொடுத்து உதவினார். அமெரிக்கா விடுதலையாயிற்று, பிரான்ஸ் கஜானா திவாலாயிற்று, அந்தக் கடன் தொல்லை கடைசியில் புரட்சியில் கொண்டுபோய் விட்டது. தூது போய்ச் சேர்ந்த சமயம் அவரே அரை மன்னராகத்தான் இருந்தார். தூரத்து ஊர்க்காரன் சண்டைக்குக் கை கொடுத்துச் சூடு பட்டவரிடம் போய், இன்னும் தூரத்து ஊரிலிருந்து கை கேட்டால்? 1793 ஜனவரியில் அவர் தலையே போய்விட்டது. சிப்பாய் அனுப்பாத கோபத்தைத் திப்பு அதன் பிறகு எந்தத் தலையிடம் காட்டுவது?

"இதுல நம்ம ஊரு காத்து எங்க வருது?" என்றார் பெரியப்பா.

இங்கேதான். திப்பு கடற்கரையில் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்த அதே நாட்களில், கார்ன்வாலிஸ் பிரபு சென்னைப் பக்கமிருந்து படையைக் கிளப்பினார். ஆம்பூர்க் கணவாய் வழியாகப் போவதுபோல் பாவ்லா காட்டிவிட்டு, வடக்கே வேறொரு கணவாய் ஏறி, 1791 மார்ச் 21-ல் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்துவிட்டார். வாசலில் உட்கார்ந்து வேறொருவரின் பதிலுக்காகக் காத்திருந்தவரின் வீட்டுக் கொல்லைப்புறம் போயிற்று.

இந்தக் கார்ன்வாலிஸ் யார் என்று கேளுங்கள். அமெரிக்காவில், யார்க்டவுனில், 1781-ல் சரணடைந்தாரே, அதே மனிதர். சரணடையும் அன்று உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டு, வாளை ஒப்படைக்கத் தனக்கு அடுத்த அதிகாரியை அனுப்பி வைத்தார். நம்ம ஊரில் கடன்காரன் வரும்போது "அப்பா வீட்ல இல்ல" என்று பிள்ளையை விட்டுச் சொல்ல வைப்பார்களே, அந்தத் தந்திரம். ஒரு கண்டத்தையே தொலைத்துவிட்டு வந்த மனிதரை லண்டனில் என்ன செய்தார்கள்? இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக அனுப்பினார்கள்.

ஆக, அமெரிக்காவில் ஜெயித்த கூட்டணியைச் சேர்ந்த லூயி அதனால் திவாலாகி, திப்புவுக்குக் கை கொடுக்க முடியாமல் போனார். அமெரிக்காவில் தோற்ற கார்ன்வாலிஸ் இங்கே வந்து திப்புவை ஜெயித்தார். நயாகரா பார்க்க வேண்டும் என்றவனிடம் இதைத்தான் சொன்னேன்: தம்பி, ஒகேனக்கல்லிலும் பாதி அமெரிக்கச் சங்கதிதான் இருக்கிறது, விசா மட்டும் வேண்டாம்.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை. திப்பு பாதி ராஜ்ஜியத்தைக் கொடுக்க வேண்டும், 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும், கட்டி முடிக்கும்வரை இரண்டு மகன்கள் பிணை. அந்தப் பாதியில்தான் பாராமகால் வந்தது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிச் சீமை. அதை நிர்வகிக்கக் கேப்டன் அலெக்சாண்டர் ரீடைப் போட்டார்கள், அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோ வந்தார். சென்னையில் அங்கவடி இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். தருமபுரியில் வீடும் தோட்டமும் போட்டு உட்கார்ந்தார். வயல் வயலாக அளந்து, ஒவ்வொரு குடியானவனிடமும் நேரே வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு இவர்கள் இருவரும் அங்கேதான் அஸ்திவாரம் போட்டார்கள். ராஜா மாறியதைக் குடியானவன் எப்படித் தெரிந்துகொண்டான்? சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஒருவன் வரப்பில் நிற்பதைப் பார்த்துத்தான்.

ஏழு வருடம் அருவி இரண்டு நாட்டுக்கு நடுவில் கொட்டிக்கொண்டிருந்தது. 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு போரில் மாண்டார். கொள்ளேகால் உட்பட மேற்குக் கரையும் கம்பெனியிடம் வந்து, கோயம்புத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஒகேனக்கல்லின் இரண்டு கரையும் ஒரே சென்னை மாகாணம். நம்புங்கள், அது எல்லையே இல்லாத வெறும் அருவியாக இருந்தது. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது கொள்ளேகால் மைசூருக்குப் போயிற்று, மறுபடியும் ஆற்றுக்கு நடுவே கோடு விழுந்தது. இதற்குச் சரியாக இரண்டு வருடம் முன்னால், அதே நவம்பர் 1-ல்தான் பாண்டிச்சேரிக் கோடு அழிந்திருந்தது. நவம்பர் முதல் தேதிக்கும் எல்லைக் கோட்டுக்கும் என்ன சொந்தம் என்று ஜோசியக்காரர்தான் சொல்ல வேண்டும். காவிரி ஒப்பந்தங்களும் இப்படித்தான்: சென்னைக்கும் மைசூருக்கும் முதலாவது 1892 பிப்ரவரி 18, இரண்டாவது 1924 பிப்ரவரி 18. சண்டை தீர்க்க ஒரே முகூர்த்தத்தை இரண்டு முறை குறித்தும் சண்டை தீரவில்லை.

2008 கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, பிள்ளைகளின் பல்லெல்லாம் பழுப்பு. ஒகேனக்கல் ஆற்றிலிருந்து குடிதண்ணீர் எடுக்க அந்தப் பிப்ரவரியில் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் தேர்தல் நேரம். அங்கே தலைவர்களுக்கு அருவியின் பேரில் திடீர்ப் பாசம் பொங்கிற்று, பஸ்கள் நின்றன, தியேட்டர்களில் தமிழ்ப் படம் நின்றது. ஏப்ரல் 4-ல் தமிழ்த் திரையுலகம் சேப்பாக்கத்தில் உண்ணாவிரதம் இருந்தது. மறுநாளே, தேர்தல் முடியட்டும் என்று திட்டத்தைத் தள்ளி வைத்தார்கள். பட்டினி கிடந்தவர்கள் ஏப்பம் விடுவதற்குள் காட்சி முடிந்துவிட்டது. 2013-ல் ஜெயலலிதா திறந்து வைத்தார். திப்பு காலத்துச் சண்டையில் பீரங்கி உண்டு, இதில் மைக் உண்டு. பல் பழுப்பானவர்களுக்கு இரண்டிலும் வேஷம் கிடையாது.

இவ்வளவு கேட்டபின் பெரியப்பா ஒரே கேள்வி கேட்டார்: "தண்ணி இருக்குமாடா?"

இதுதான் கேள்வி. நயாகராவில் இதற்கு எழுத்து மூலம் பதில் இருக்கிறது. 1950-ல் அமெரிக்காவும் கனடாவும் ஓர் ஒப்பந்தம் போட்டன: மின்சாரத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் தண்ணீரைத் திருப்பிக்கொள்ளலாம், ஆனால் சுற்றுலாக் காலத்தில் பகலில் விநாடிக்கு 1 லட்சம் கனஅடி அருவியில் விழுந்தாக வேண்டும், இரவிலும் மற்றக் காலத்திலும் 50 ஆயிரம் போதும். பார்க்க வருகிறவனுக்காகவே தண்ணீருக்கு டூட்டி நேரம் போட்டிருக்கிறார்கள்.

நமக்கும் கணக்கு உண்டு, ஆனால் பார்க்க வருகிறவன் அதில் இல்லை. ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவு நிலையம். காவிரி தமிழ்நாட்டுக்கு எவ்வளவு வந்தது என்பதை அங்கேதான் அளக்கிறார்கள். வருடத்துக்கு 192 டி.எம்.சி. என்று 2007-ல் நடுவர் மன்றம் சொன்னது, 177.25 டி.எம்.சி. என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிபதிகள் சொன்னதில் எவ்வளவு நாம் போகிற ஞாயிற்றுக்கிழமை வந்து விழும் என்பதற்குத் தீர்ப்பில் பக்கம் ஒதுக்கவில்லை.

எனவே ஒகேனக்கல்லுக்குத் தேதி குறிப்பது கல்யாணத்துக்குத் தேதி குறிப்பதைவிடக் கஷ்டம். கோடையில் போனால் பாறை மட்டும் இருக்கும்; நல்ல பாறை, வேண்டிய மட்டும் பார்க்கலாம். வயநாட்டிலும் குடகிலும் மழை பிடித்து, கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி, அங்கே வைத்துக்கொள்ள இடமில்லாமல் திறந்துவிட்டால் இங்கே வெள்ளம். அப்போது செய்தியில் ஓடும்: ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி, அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை. நயாகராவில் 1 லட்சம் கனஅடி வந்தால்தான் காட்சி. இங்கே 1 லட்சம் கனஅடி வந்தால் காட்சி ரத்து. 2018 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில் பாறையெல்லாம் முங்கி அருவிகளே அடையாளம் தெரியவில்லை. தண்ணீர் குறைந்தாலும் அருவி இல்லை, கூடினாலும் அருவி இல்லை. நடுவில் கிடைக்கிற கொஞ்ச நாளில் ஊரில் கல்யாணமோ கருமாதியோ வந்துவிடும்.

எங்கள் ஆட்களுக்கு இன்னொரு சங்கடம் பரிசல். கட்டுமரத்திலும் ஃபைபர் போட்டிலும் பிறந்து வளர்ந்தவர்களிடம், மூங்கில் பின்னி அடியில் தார்ப்பாய் போர்த்திய வட்டத் தட்டில் உட்காரச் சொன்னால்?

"இதுக்கு அணியம் எது?" என்றார் பெரியப்பா படத்தைப் பார்த்து. படகின் முன்பக்கத்தைக் கேட்கிறார்.

"கிடையாது பெரிப்பா."

"பின்ன எந்தப் பக்கம் போவும்?"

"ஓட்றவரு துடுப்பு போட்ற பக்கம்."

"வாடக் காத்துல கடல்ல வலிச்சவன்டா நான். முன்னு பின்னு தெரியாத வண்டியில ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். இதைவிட மோசமானது ஒன்றை நான் அவரிடம் சொல்லவில்லை. ஆற்றுக்கு நடுவில் போனதும் பரிசல்காரர்கள் வேடிக்கைக்காக அதைக் கரகரவென்று சுற்றிவிடுவார்கள். எல்லைக் கோட்டுக்குப் பக்கமாகச் சுற்றினால், ஒரே சுற்றில் தமிழ்நாடு, கர்நாடகம், மறுபடி தமிழ்நாடு. திப்புவும் கார்ன்வாலிஸும் அத்தனை வருடம் பாடுபட்டு நகர்த்திய எல்லையைத் தலைச்சுற்றலோடு முடித்துவிடுவார்கள்.

சாப்பாட்டு விவகாரமும் இழுத்தது. அங்கே கரையோரக் கடையில் ஆற்று மீனை வாங்கிக் கொடுத்தால், பக்கத்திலேயே அடுப்பு வைத்திருக்கிற அக்காமார் குழம்பு வைத்து, வறுத்துத் தருவார்கள். சொன்னதும் கூட்டமே முகம் சுளித்தது. ஆற்று மீனில் உப்பேது, உறைப்பேது, வாயில் வைத்தால் சேறு அடிக்கும் என்று ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். அவர்களில் யாரும் அதுவரை ஆற்று மீனைத் தின்றதில்லை. கடைசியில், நம்ம ஊர்க் கருவாடு ஒரு பையும் நம்ம உப்பளத்து உப்பு ஒரு பொட்டலமும் வண்டியில் ஏறும் என்று தீர்மானம் நிறைவேறியது. எண்ணெய் மசாஜ் செய்துகொள்வது அவரவர் விருப்பம், பொதுக் காசு கிடையாது.

தேதி ஒரு வழியாக முடிவானது. நீர்வரத்து எட்டாயிரம், பத்தாயிரம் கனஅடி என்று செய்தியில் வருகிற வாரமாகப் பார்த்துக் கிளம்புவது. தொலைக்காட்சி பார்க்கும் பொறுப்பு தம்பிக்கு. மிச்சமிருந்தது வேன்.

விசாரித்ததில் வாடகை குறைவாகச் சொன்னவர் பாண்டிச்சேரிக்காரர். நல்ல வண்டி, ஸீட் கிழியவில்லை, பாட்டுப் பெட்டி வேலை செய்கிறது. ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசினோம். எல்லாம் பேசி முடித்தபின் அவர் இழுத்தார்: "வண்டி பி.ஒய். நம்பர்ணே. தமிழ்நாட்டுக்குள்ள வர்றதுக்கு பர்மிட் போடணும்."

பெரியப்பா ஃபோனைத் தன் பக்கம் இழுத்தார். "ஏம்பா, காவேரில ஒரு சுத்து சுத்துனா கர்நாடகாவுக்கே சும்மா போய்ட்டு வர்லாமாம். எங்க ஊருக்கு வர உனக்கு பர்மிட்டா? இன்னும் பிரெஞ்சுக்காரன் அங்கதான் இருக்கானா?"

"பிரெஞ்சுக்காரன் இருந்தா அவன்கிட்டயே வாங்கிருப்பேன் மாமா. இப்ப உங்ககிட்டதான் வாங்கணும். பர்மிட்டு காசு வாடகைல சேராது."

அந்தக் காசு யார் கணக்கு என்று இப்போது பேச்சுவார்த்தை நடக்கிறது.